கடனை மூட்டைக் கணக்கில் பாருங்கள்: நெல் விலை, வட்டி, மந்தநிலை பற்றி டெல்டா உழவர்களுக்கு விளக்கம்

மன்னார்குடி, நீடாமங்கலம், கோட்டூர் பக்கம் பயிற்சி முகாம்களுக்குப் போனால் விதை, உரம், பூச்சி பற்றிய கேள்விகள் முதலில் முடிந்துவிடும். டீ குடிக்கும் நேரத்தில்தான் மற்ற கேள்விகள் வரும். "ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைச்சாச்சுன்னு செய்தியில சொல்றாங்க, எனக்கு ஏன் சார் குறையல?" "விலைவாசி இறங்கிருச்சாம், அது நமக்கு நல்லதா கெட்டதா?" "உலகம் பூரா மந்தம்னு பேசுறாங்களே, நெல் விலை விழுந்துருமா?"

நான் பொருளாதாரப் பேராசிரியர் இல்லை. ஆனால் சம்பா, தாளடி அறுவடை நெருங்கும்போது ஓர் உழவர் எடுக்கிற முடிவுகளில் பாதி இந்தக் கேள்விகளோடு சேர்ந்தவை. எங்கே விற்பது, எப்போது விற்பது, யாரிடம் கடன் வாங்குவது, எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதெல்லாம் விலையும் வட்டியும் சேர்ந்த கணக்குதான். அதனால் வயலில் இருந்தே இந்தக் கணக்கைத் தொடங்கலாம்.

கடனை ரூபாயில் எண்ணாதீர்கள்

நம் தாத்தா காலத்தில் கூலி, குத்தகை எல்லாவற்றையும் கலக் கணக்கில்தான் பேசினார்கள். ரூபாய்க் கணக்கு வந்த பிறகு நாம் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம். கடன் விஷயத்தில் மட்டுமாவது அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து.

ஓர் ஏக்கருக்கு 36,000 ரூபாய் கடன் வாங்கிச் சாகுபடி செய்கிறீர்கள், 60 கிலோ மூட்டையில் 35 மூட்டை காண்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2025-26 பருவத்தில் பொது ரக நெல்லுக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். தமிழக அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாய் சேர்ந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 2,500 ரூபாய் கிடைத்தது. சன்ன ரகத்துக்கு 2,389 ரூபாயும் ஊக்கத்தொகை 156 ரூபாயும் சேர்ந்து 2,545 ரூபாய். பொது ரகத்தையே எடுத்துக்கொண்டால் 60 கிலோ மூட்டைக்கு 1,500 ரூபாய் வருகிறது.

கூட்டுறவுச் சங்கக் கடனாக இருந்து, தவணைக்குள் வட்டியில்லாமல் அடைத்தால், 36,000 ரூபாய் என்பது 24 மூட்டை. மீதி 11 மூட்டை உங்களுக்கு.

அதே கடனோடு, நெல்லை மட்டும் வியாபாரியிடம் மூட்டை 1,200 ரூபாய்க்குப் போட்டால், கடனை அடைக்க 30 மூட்டை வேண்டும். மீதி 5.

கொள்முதல் நிலையத்திலேயே விற்கிறீர்கள், ஆனால் கடன் வெளியில் 5 வட்டிக்கு வாங்கியது. ஆறு மாதத்தில் வட்டி 10,800 ரூபாய். மொத்தம் 46,800 ரூபாய்க்கு 31 மூட்டைக்கு மேல் போகும்.

கடனும் 5 வட்டி, விற்பதும் 1,200 ரூபாய்க்கு என்றால் 39 மூட்டை வேண்டும். விளைந்ததே 35. ஒரு பருவம் முழுவதும் பாடுபட்டும் 4 மூட்டை கடன் மிஞ்சுகிறது.

ரூபாயில் பார்த்தால் எல்லா இடத்திலும் கடன் அதே 36,000தான். உரமும் விதையும் உழைப்பும் ஒன்றே. விலையும் வட்டியும் சேர்ந்து 15 மூட்டையை நகர்த்திவிட்டன. ஏக்கருக்கு 15 மூட்டை விளைச்சலைக் கூட்டித் தரும் ரகம் எதுவும் எங்களிடம் இல்லை என்பதை ஒரு விஞ்ஞானியாகவே சொல்கிறேன்.

இது புதிதாக வந்த கணக்கு இல்லை

தஞ்சை மாவட்டம் இந்தக் கணக்கை ஒரு முறை மிகக் கொடுமையாகப் பார்த்திருக்கிறது. 1929ல் அமெரிக்காவில் பங்குச் சந்தை விழுந்து, உலகம் முழுவதும் வியாபாரம் சுருங்கியது. அடுத்த நாலைந்து ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதிக்கு வந்துவிட்டது. அதோடு பர்மாவிலிருந்து மலிவான அரிசி கப்பலில் வந்து இறங்கியது. நெல் விலை பாதியானாலும் வாங்கிய கடன் பாதியாகவில்லை, கிஸ்தியும் அந்த அளவுக்குக் குறையவில்லை. 100 மூட்டை விற்றால் தீரும் என்று வாங்கிய கடனுக்கு 200 மூட்டை தேவைப்பட்டது. மேட்டூர் அணை 1934ல் திறக்கப்பட்டுத் தண்ணீர் கூடிய நேரமும் இதுதான். விளைச்சலுக்கு வழி பிறந்தபோது விலை தரையில் கிடந்தது.

கடல் தாண்டியும் இதே கதைதான் நடந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில், 1930ல் நாட்டுக்கோட்டை நகரத்தார் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1937ல் அது 25 சதவீதம் ஆனது. அவர்கள் கேட்டது நிலத்தை அல்ல, கொடுத்த பணத்தை. நெல் விலை விழுந்ததால் கடன்காரர்களிடம் கொடுக்க நிலத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் போயிற்று.

இங்கே ராஜாஜி அமைச்சரவை 1938ல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1ஆம் தேதிக்கு முன்பு வாங்கிய கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி முழுவதும் ரத்தானது. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடன் முழுவதும் தீர்ந்ததாகச் சட்டம் சொன்னது. 1932 அக்டோபருக்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கு 5 சதவீதத் தனி வட்டி என்று கணக்கிட்டார்கள். விலை விழும்போது பழைய வட்டியை அப்படியே வசூலித்தால் உழவர் தேறவே முடியாது என்பதை அரசாங்கமே ஏற்றுக்கொண்ட சட்டம் அது.

"விலைவாசி இறங்கிருச்சாம், நல்லதுதானே?"

சம்பளக்காரருக்கு நல்லது. உழவர் என்றால், விற்கிற பொருளின் விலை இறங்கியதா, வாங்கும் பொருளின் விலை இறங்கியதா என்று பார்க்க வேண்டும்.

2025 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று அறிவித்தார்கள். அப்போதைய கணக்கு வரிசையில் அதுவரை இவ்வளவு குறைவாக வந்ததில்லை. அந்தக் கணக்கின் உள்ளே போய்ப் பார்த்தால், உணவுப் பொருட்களின் விலை முந்தைய ஆண்டைவிட 5 சதவீதம் அளவுக்கு இறங்கியிருந்தது. காய்கறியும் பருப்பும் மலிவானதால் வந்த இறக்கம் அதில் பெரும்பங்கு. சென்னையில் இருப்பவருக்கு அது மிச்சம். பயறு போட்டவருக்கும் கத்தரி போட்டவருக்கும் அது வருமான இழப்பு.

இப்போது வட்டியோடு சேர்த்துப் பாருங்கள். 7 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறீர்கள். நீங்கள் விற்கும் பொருளின் விலை ஓராண்டில் 5 சதவீதம் ஏறினால், உங்கள் மேல் விழும் உண்மையான வட்டிச் சுமை 2 சதவீதம்தான். அதே பொருளின் விலை 5 சதவீதம் இறங்கினால் சுமை 12 சதவீதம். வங்கிப் பாஸ்புத்தகத்தில் இரண்டு ஆண்டும் 7 என்றே இருக்கும்.

நகைக்கடன் வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மத்திய அரசின் ஆதரவு விலையை மட்டும் வைத்துப் பார்த்தால், 2014ல் ஒரு பவுன் தங்கம் ஏறக்குறைய 26 மூட்டை நெல். 2024 மார்ச் கடைசியில் பவுன் 50,000 ரூபாயைத் தாண்டியபோது அது 38 மூட்டை ஆகிவிட்டது. அதற்குப் பிறகு தங்கம் ஏறிய வேகம் உங்களுக்கே தெரியும். அதே நகைக்கு வங்கியில் கூடுதல் பணம் தருகிறார்கள் என்று சந்தோஷப்பட்டுக் கூடுதலாக வாங்குகிறோம். ஏறியது நகையின் விலை. வயல் அதே வயல்தான். அந்த நகையை மீட்கப் போகும்போது முன்பைவிட அதிக மூட்டை விற்க வேண்டியிருக்கும்.

ரிசர்வ் வங்கி குறைத்த வட்டி எங்கே போகிறது?

ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியைத்தான் ரெப்போ என்கிறார்கள். பணவீக்கத்தை 4 சதவீதத்தில், இரண்டு புள்ளி கூடக் குறைய இருக்கும்படி வைக்க வேண்டும் என்பது அதற்கான இலக்கு. 2020 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, விலைவாசி ஏறியதும் 2022 மே முதல் படிப்படியாக உயர்ந்து 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. 2025ல் நான்கு முறை குறைத்து டிசம்பரில் 5.25க்கு வந்தது.

வீட்டுக்கடன் வாங்கியவருக்கு இது கிட்டத்தட்ட உடனே தெரியும். 2019 அக்டோபரிலிருந்து அந்தக் கடன்களின் மாறும் வட்டியை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டாயம் இணைக்கச் சொல்லிவிட்டார்கள். விவசாயக் கடன் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு 7 சதவீதம், தவணைக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4 சதவீதம் என்று அரசு மானியத்தோடு நிர்ணயித்திருப்பதால், ரெப்போ 6.5 ஆக இருந்தபோதும் அது ஏறவில்லை, 5.25 ஆனபோதும் இறங்கவில்லை. தமிழகத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கித் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. டிராக்டர் கடன், கிணற்றுக் கடன் போன்ற நீண்டகாலக் கடன் வைத்திருந்தால் மட்டும் வங்கிக்குப் போய், என் கடனுக்கு மாறும் வட்டியா நிலையான வட்டியா, எப்போது திருத்துவீர்கள் என்று கேளுங்கள்.

ஊரில் புழங்கும் 2 வட்டி, 3 வட்டிக்கும் ரிசர்வ் வங்கிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது அதே 2, அதே 3தான்.

இந்த வட்டிகளின் பெயரே நம்மை ஏமாற்றுகிறது. 2 வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம். 5 வட்டி 60 சதவீதம். வங்கியின் 7 என்பது வருடக் கணக்கு. 7ஐயும் 2ஐயும் பக்கத்தில் வைத்து 2 சின்னது என்று நினைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், படித்தவர்களும் உண்டு. மீட்டர் வட்டி, கந்து வட்டிக்கு எதிராக 2003ல் தமிழக அரசு தனிச் சட்டமே போட்டிருக்கிறது. அதில் சிறைத் தண்டனையும் உண்டு.

பவர் டில்லர், டிராக்டர் வாங்கும்போது பைனான்ஸ்காரர்கள் சொல்லும் "பிளாட் 12 சதவீதம்" இன்னொரு வகை. 1 லட்சம் கடன், 12,000 வட்டி, மொத்தம் 1,12,000ஐ 12 மாதத் தவணையாகக் கட்டச் சொல்வார்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டி மட்டும் முழு 1 லட்சத்துக்கும் போட்டது. குறையும் நிலுவைக்கு வட்டி போடும் வங்கி முறையில் பார்த்தால் இது 21 சதவீதத்துக்கு மேல்.

வட்டியே கேட்காத வியாபாரி

நம் பகுதியில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். நாற்று விடும்போதே நெல் வியாபாரி ஒருவர் விதை, உரம், கைச்செலவுக்குப் பணம் எல்லாம் தருகிறார். வட்டி பேசுவதில்லை. அவசரத்துக்கு மருத்துவச் செலவுக்கும் கொடுப்பார். நன்றியோடு அவரிடமே நெல்லைப் போடுகிறோம். அவர் விலை மூட்டைக்கு 300 ரூபாய் குறைவு.

அவர் கொடுத்தது 36,000 ரூபாய், ஐந்து மாதத்துக்கு. 35 மூட்டைக்கு நீங்கள் விட்டது 10,500 ரூபாய். 36,000க்கு 10,500 என்றால் 29 சதவீதம், ஐந்து மாதத்தில் வகுத்தால் மாதம் கிட்டத்தட்ட 6 வட்டி. வட்டி என்ற சொல்லே வராமல் 6 வட்டி போயிருக்கிறது. அந்த வியாபாரி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் லாரி வாடகை, ஈரக் கழிவு, ஆலைக்காரர் பாக்கி என்று செலவு உண்டு. சங்கத்தில் கடன் கிடைக்காத குத்தகைதாரருக்குப் பல நேரம் அவர் ஒருவர்தான் கைகொடுப்பவர். ஆனால் அந்த உதவியின் விலை என்ன என்று தெரிந்தே வாங்க வேண்டும். அடுத்த முறை, "முன்பணத்துக்குத் தனியாக வட்டி போட்டுக்கொள்ளுங்கள், நெல்லை நான் விரும்பும் இடத்தில் விற்றுக் கொடுக்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். 2 வட்டி பேசினாலும் ஐந்து மாதத்துக்கு 3,600 ரூபாயில் முடியும்.

குத்தகைக்குச் சாகுபடி செய்பவர்கள் அடங்கலைத் தங்கள் பெயரில் வாங்கி வைத்துக்கொள்வது இதற்காகவும் தேவை. கொள்முதல் நிலையத்தில் விற்கவும், கடன் கேட்கவும், காப்பீட்டுக்கும் அந்த ஒரு காகிதம்தான் ஆதாரம். நில உரிமையாளர் ஒப்புக்கொள்ளாத இடங்களில் இது எளிதில்லை என்பதும் எனக்குத் தெரியும். பிணையில்லாமல் வங்கி தரும் விவசாயக் கடனின் வரம்பு 2025 ஜனவரி முதல் 1.6 லட்சத்திலிருந்து 2 லட்சமாகியிருக்கிறது. குறுநில உழவர்கள் பலருக்கும் இந்த விவரம் போய்ச் சேரவில்லை.

களத்தில் நெல் கிடக்கிறது: விற்பதா, காத்திருப்பதா?

இயந்திரத்தில் அறுத்த நெல் பெரும்பாலும் 20 முதல் 22 சதவீத ஈரத்தோடு வரும். கொள்முதல் நிலையத்தில் பொதுவான வரம்பு 17 சதவீதம். காய வைக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். 15 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வியாபாரி இன்றைக்கே களத்தில் பணம் தருகிறார், மூட்டை 1,200.

22 சதவீத ஈரத்தில் 35 மூட்டை இருந்தால், 17க்குக் காய்ந்தபின் எடை குறைந்து 33 மூட்டைதான் நிற்கும். இதைப் பலர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். 33 மூட்டை, 1,500 வீதம் 49,500 ரூபாய். வியாபாரியிடம் 35 மூட்டைக்கு 42,000. வித்தியாசம் 7,500. காய வைக்கும் ஆள் கூலி, தார்ப்பாய், இரவுக் காவல், ஏற்றுக்கூலிக்கு 2,000 போனாலும் 5,500 மிஞ்சும். இந்த 15 நாளுக்கு 36,000 ரூபாய்க் கடனுக்கு 5 வட்டி கட்டினாலும் 900 ரூபாய்தான். ஆக, வட்டி ஓடுகிறதே என்ற பயத்தில் அவசரப்பட்டு விற்பது கணக்குக்கு ஒத்து வராது.

மழைதான் இந்தக் கணக்கை மாற்றும். 2025 ஐப்பசியில் டெல்டாவில் குறுவை நெல் நனைந்து முளைத்துக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். முளைத்த நெல்லுக்கு 1,200ம் கிடைக்காது. வானிலை அறிவிப்பில் தொடர் மழை இருந்து, மேடான களமோ மூடி வைக்கும் வசதியோ இல்லையென்றால், ஒரு பகுதியையாவது விற்றுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். முழுவதையும் ஒரே முடிவில் தள்ள வேண்டியதில்லை. 15 மூட்டையை விற்று அவசரக் கடனை அடைத்துவிட்டு 20 மூட்டையைக் காய வைக்கலாம்.

உளுந்து, பயறு, எள் என்றால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கும் வழி இருக்கிறது. சரக்கின் மதிப்பில் 75 சதவீதம் வரை, 180 நாள் வரைக்கும் கிடைக்கும். நெல்லைவிட இந்தப் பயிர்களுக்குத்தான் அது அதிகம் பயன்படும், ஏனென்றால் அறுவடை நேர விலைக்கும் மூன்று மாதம் கழித்து வரும் விலைக்கும் இடைவெளி அங்கே அதிகம்.

ஆதரவு விலையை எப்படிப் போடுகிறார்கள்?

வேளாண் செலவினம் மற்றும் விலைகளுக்கான ஆணையம் பரிந்துரைக்கிறது, மத்திய அமைச்சரவை முடிவு செய்கிறது. 2025-26க்கு நாடு முழுவதற்குமான சராசரிச் செலவாக நெல் குவிண்டாலுக்கு 1,579 ரூபாய் எடுத்தார்கள். அதன் ஒன்றரை மடங்குதான் 2,369. இந்தச் செலவில் விதை, உரம், கூலி, இயந்திர வாடகை, கட்டிய குத்தகை, நடைமுறை மூலதனத்துக்கு ஒரு வட்டி, குடும்பத்தாரின் உழைப்புக்கு ஒரு மதிப்பு ஆகியவை இருக்கின்றன. சொந்த நிலத்துக்கான வாடகை மதிப்பு இல்லை. சுவாமிநாதன் ஆணையத்தின் பெயரைச் சொல்லி உழவர் அமைப்புகள் கேட்பது, அதையும் சேர்த்த முழுச் செலவில் ஒன்றரை மடங்கு.

இரண்டு விஷயம் இதில் நமக்கு முக்கியம். ஒன்று, இது அகில இந்தியச் சராசரி. மன்னார்குடியில் உங்கள் செலவு 1,579ஆ என்று உங்கள் நோட்டுப் புத்தகம்தான் சொல்ல வேண்டும். 21 குவிண்டால் விளைந்த ஏக்கருக்கு அந்தக் கணக்கில் செலவு சுமார் 33,000 ரூபாய் வருகிறது. உங்கள் செலவு அதற்கு மேல் போனால் மிஞ்சும் லாபம் அரசு சொல்லும் பாதி லாபம் அல்ல. இன்னொன்று, நீங்கள் கட்டும் 5 வட்டி எந்த ஆணையத்தின் கணக்கிலும் வராது. அது முழுவதும் உங்கள் பங்கிலிருந்து போகிறது.

அரசு ஒரு விலையைச் சொன்னாலும், வெளிச் சந்தை விலை வேறு உத்தரவுகளால் அசையும். உலக அரிசி வியாபாரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்தியாவுடையது. 2023 ஜூலை 20ல் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது தாய்லாந்து அரிசி டன்னுக்கு 600 டாலரைத் தாண்டியது. அந்த ஏற்றம் நம் களத்துக்கு வந்து சேராமல் தடுப்பதுதான் தடையின் நோக்கமே; ரேஷன் கார்டு வைத்திருக்கும் கோடிக்கணக்கான குடும்பங்களை நினைத்து எடுத்த முடிவு அது. 2024 செப்டம்பர் கடைசியில் தடையை நீக்கினார்கள்.

உளுந்தில் இது இன்னும் நேராகத் தெரியும். நெல் தரிசில் நாம் தெளிக்கும் உளுந்துக்கு 2025-26 ஆதரவு விலை குவிண்டால் 7,800 ரூபாய். ஆனால் 2021 மே முதல் உளுந்து இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இல்லை, பெரும்பகுதி மியான்மரிலிருந்து வருகிறது. 1930களில் பர்மா அரிசி, இன்றைக்குப் பர்மா உளுந்து. பங்குனி, சித்திரையில் நம் உளுந்து சந்தைக்கு வரும் நேரத்தில் அந்த இறக்குமதி அனுமதி நீட்டிக்கப்படுகிறதா என்ற செய்தியைக் கவனித்து வாருங்கள். 2025ல் நீட்டித்த அனுமதி 2026 மார்ச் 31 வரை இருந்தது.

மந்தம் வந்தால் எந்தப் பயிர் அடிபடும்?

நாட்டின் மொத்த உற்பத்தி தொடர்ந்து இரண்டு காலாண்டு சுருங்கினால் அதை மந்தநிலை என்கிறார்கள். இந்தியாவில் கடைசியாக அப்படி நடந்தது 2020ல், கொரோனா ஊரடங்கில். அந்த ஏப்ரல்-ஜூன் காலாண்டில் மொத்த உற்பத்தி ஏறக்குறைய கால்பங்கு சுருங்கியது. வேளாண்மை மட்டும் வளர்ந்தது. மக்கள் துணி வாங்குவதைத் தள்ளிப்போடலாம், சோறு சாப்பிடுவதைத் தள்ளிப்போட முடியாது. கொள்முதலும் ரேஷனும் ஓடிக்கொண்டிருந்ததால் நெல் விலை தாங்கியது. 1930ல் இல்லாதது இந்த ஏற்பாடுதான். அன்று விலை விழுந்தால் பிடிக்க யாரும் இல்லை.

பருத்திக்கு அந்தப் பாதுகாப்பு மிகக் குறைவு. கோடைப் பருத்தி போடும் திருவாரூர் மாவட்ட உழவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2022 கோடையில் குவிண்டால் 10,000 ரூபாயைத் தாண்டியது. அதைப் பார்த்து அடுத்த ஆண்டு பலர் பருத்தி போட்டார்கள். 2023ல் விலை வெகுவாக இறங்கிவிட்டது. இடையில் நடந்தது என்ன? அமெரிக்காவில் விலைவாசி ஏறியதால் அங்குள்ள மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்துக்கு அருகிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனது. அங்கும் ஐரோப்பாவிலும் மக்கள் துணி வாங்குவதைக் குறைத்தார்கள். திருப்பூருக்கு ஆர்டர் குறைந்தது, நூற்பாலைகள் பஞ்சு வாங்குவதைச் சுருக்கின, விற்பனைக்கூட ஏலத்தில் விலை விழுந்தது. வாஷிங்டனில் ஏற்றிய வட்டி சில மாதத்தில் மன்னார்குடி ஏலத்துக்கு வந்து சேர்ந்தது.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு வரியை 50 சதவீதமாக உயர்த்தியதும், ஆலைகளின் சுமையைக் குறைக்க மத்திய அரசு பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியை டிசம்பர் 31 வரை நிறுத்தி வைத்தது. ஆலைக்கு நிவாரணம், பருத்தி உழவருக்குப் போட்டி. வரும் மாசி, பங்குனியில் பருத்தி விதைக்க நினைப்பவர்கள் சென்ற ஆண்டு விலையை மட்டும் பார்க்காமல், திருப்பூரில் ஆர்டர் எப்படி, இறக்குமதி வரி என்ன நிலையில் இருக்கிறது என்று விசாரித்துவிட்டு இறங்குங்கள். வெளியில் 3 வட்டிக்கு வாங்கிப் பருத்தி போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். விலை நிச்சயமில்லாத பயிருக்கு வட்டி நிச்சயமான கடன் வாங்கினால் எல்லாப் பாரமும் ஒரே தோளில் விழும்.

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, மன்னார்குடிப் பக்கம் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகள் வேலை பார்க்கும் குடும்பங்கள் நிறைய. வெளிநாட்டு மந்தம் அந்தக் குடும்பங்களுக்கு விலை வழியாக வராது, மாதாமாதம் வரும் பணம் நிற்பதன் வழியாக வரும். அந்தப் பணத்தை நம்பி டிராக்டர் தவணை போட்டிருப்பவர்கள் ஒரு பருவத் தவணைக்கான தொகையைத் தனியே வைத்திருப்பது நல்லது.

"தேர்தல் வருது, தள்ளுபடி ஆகும், கட்டாம இருக்கலாமா?"

2026 தேர்தல் ஆண்டு என்பதால் எல்லா முகாமிலும் வந்த கேள்வி இது. கூட்டுறவுப் பயிர்க்கடன் 2006லும் 2016லும் 2021லும் தள்ளுபடியானது உண்மை. 2016ல் சிறு, குறு உழவர்களுக்கு மட்டும். 2021ல் ஜனவரி 31 அன்று நிலுவையில் இருந்த கடன்கள், 16.43 லட்சம் பேருக்கு 12,110 கோடி ரூபாய். ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்ற மனக்குறை இன்றும் இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது.

ஆனாலும் கணக்கைப் பாருங்கள். தவணை தவறினால் வட்டியில்லாக் கடன் என்ற சலுகை போய்விடும், முழு வட்டி சேரும், அதன் மேல் அபராத வட்டி. அதைவிட முக்கியம், நிலுவை இருந்தால் அடுத்த பருவத்துக்குச் சங்கத்தில் புதுக் கடன் கிடைக்காது. குறுவைக்கு 60,000 ரூபாயை வெளியில் 3 வட்டிக்கு வாங்கினால் ஆறு மாதத்தில் 10,800 ரூபாய், அதாவது 7 மூட்டைக்கு மேல். தள்ளுபடி எந்தத் தேதி நிலுவைக்கு, எந்த வகை உழவருக்கு என்பது அறிவிப்பு வந்த பிறகுதான் தெரியும். இரண்டு பருவம் காத்திருந்தால் 14 மூட்டை போயிருக்கும்.

என் யோசனை, கொள்முதல் பணம் கணக்கில் ஏறியதும் முதலில் வெளிக் கடனில் வட்டி அதிகமானதை அடைத்து, சங்கக் கடனைத் தவணைக் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பு கட்டி ரசீது வாங்கிக்கொள்வது. வட்டியில்லாத கடனைத் தவணைக்கு வெகு முன்னால் கட்டுவதில் லாபம் எதுவும் இல்லை, 5 வட்டியை ஒரு நாள் வைத்திருப்பதிலும் லாபம் இல்லை. கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையிலோ பண்டிகை நாளிலோ விழுகிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிய தேதியிலிருந்து தவணை எண்ணுவதால், சம்பாக் கடனுக்கும் தாளடிக் கடனுக்கும் கடைசி நாள் வேறு வேறாக இருக்கும். சங்கச் செயலாளரிடம் கேட்டுப் பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதி வையுங்கள்.